நான்கு குவளையும் ஒரு லிட்டரும்

அலுவலகக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் அன்றிரவு உறக்கம் கொள்ளாத எழுத்தர் இனத்தைச் சேர்ந்தவர் நாம். அத்தகைய நாம் ஒரு குவளைத் தண்ணீரிடம் தோற்ற கதையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

கிரேட் நிகோபார்த் தீவின் கேம்பல் பே நமக்கு வாய்த்த பணியிடம். 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களும், நம்மைப்போல் மாற்றலில் வந்தோரும் கலந்து வாழும் சிற்றூர் அது. ஒரு விடுமுறை நாளில் நண்பர் குடும்பத்தோடு, 2004 ஆழிப்பேரலை சிதைத்த தென்கரைப் பக்கமாக நடந்தோம். முதுகுச்சுமை குறையட்டும் என்று ஓர் அலுமினியக் குவளையையும், மடித்து வைக்கத்தக்க தண்ணீர்ப் பையையுமே எடுத்துச் சென்றோம்.

நண்பகலில் நண்பரின் ஆறு வயது மகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. நம்மிடம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று இருந்தது. ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும்.

“குவளை கால் லிட்டர்தானே, அண்ணா?” என்றார் நண்பரின் மனைவி.

“ஐயமென்னம்மா!” என்று நான்கு குவளை நீர் வார்த்துக் கரைத்தோம். குழந்தை சிறிது சிறிதாகப் பருகி, மாலைக்குள் தெளிவு பெற்றாள்.

வீடு திரும்பியும் நம் உள்ளம் அமையவில்லை. சமையலறைத் தராசில் குவளையை வைத்து, விளிம்புவரை நீர் வார்த்தோம். குவளையின் எடை நீங்கலாக 200 கிராம்! ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. இவ்வூர் வெப்பத்தில் நான்கைந்து கிராம் குறையும், அவ்வளவே. ஆகவே, நாம் வார்த்தது 800 மில்லிலிட்டர். கரைசலின் செறிவு கால் பங்கு கூடிவிட்டது. நீர் மிகுந்தால் மருந்தின் பயன் குன்றும். குறைந்தாலோ உப்பு மிகுந்து குழந்தைக்கே கேடாகக்கூடும்.

1971-இல் வங்கத்து அகதிகள் தங்கிய பங்காவ் முகாமில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே காலரா நோயாளர் பலரைக் காத்தார். அந்த நெருக்கடியிலும் உப்பையும் குளுக்கோசையும் கல்கத்தாவில் நிறுத்துப் பைகளில் அடைத்தே அனுப்பினர். நாமோ ஓய்வாக அமர்ந்து, கண்மதிப்பை நம்பினோம்! மளிகைக்கடை வைத்திருந்த நம் தந்தையார் முத்திரையில்லா அளவையைக் கையாலும் தொடார்.

மறுநாள் நண்பர் இல்லம் சென்று, நடந்ததை மறையாது சொன்னோம். தாயின் முகம் ஒரு கணம் வாடிற்று. பின்பு ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று ஓர் ஆணியைக் கொணர்ந்து நீட்டினார். குவளையின் அடியில் ‘200’ என்று கீறினோம். அதுவே நம் முத்திரை.