கதவு யாருக்கு?

பங்கு மக்கள் தங்கள் புதிய கடைகளையும் அலுவலகங்களையும் மந்திரிக்க அழைக்கும்போது, தீர்த்தத்தை ஏந்தி அறை அறையாகச் செல்வது குருக்களாகிய எங்கள் வழக்கம். முன்னெல்லாம் ஓர் அலுவலகத்தை மந்திரித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். முதலாளியின் அறை, மேலாளரின் அறை, கணக்கர் அறை, கோப்புகள் அடுக்கிய அறை என்று கதவு கதவாகத் திறந்து போக வேண்டும். இப்போது கோவையின் சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கங்களிலிருந்து அழைப்பு வந்தால் வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. ஒரே கூடம். நீண்ட மேசைகள். வரிசை வரிசையாகக் கணினிகள். கதவு என்று சொல்லத்தக்கது வாசலில் மட்டுமே இருக்கிறது. கணினிகளின்மேல் தீர்த்தம் பட்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலைதான் இன்று எல்லார்க்கும் பொதுவானது.

இந்த மாற்றத்தைச் சமத்துவம் என்று போற்றுவாரும் உளர். வாடகையை மிச்சப்படுத்தும் வழி என்று கசந்து பேசுவாரும் உளர். தனி அறையா, இடுப்பளவோ தோளளவோ தடுப்பு வைத்த கியூபிக்கிளா, தடுப்பே இல்லாத கூடமா என்பது கட்டடக் கலைஞர்கள் மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி அன்று. மனிதர் விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் பற்றிய கேள்வி அது. வேலை மனிதனுக்காகவே அன்றி மனிதன் வேலைக்காக அல்லன் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டுத் திருமடலில் கற்பித்தார். அப்படியானால் வேலை நடக்கும் இடமும் மனிதனுக்காகவே அமைய வேண்டும் அல்லவா?

மண்டியும் மில்லும்

நம் கொங்கு நாட்டு வணிகம் திறந்த இடத்தில் வளர்ந்த ஒன்று. ஈரோட்டு மஞ்சள் மண்டியையோ, கோவை ரங்கே கவுடர் வீதியின் பழைய மொத்தக் கடைகளையோ நினைத்துப் பாருங்கள். முதலாளி தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அருகிலே கல்லாப்பெட்டி, சற்றுத் தள்ளிச் சாய்வு மேசையில் பேரேட்டோடு கணக்குப்பிள்ளை. உழவர் வந்தாலும் மூட்டை தூக்குபவர் வந்தாலும் முதலாளியின் முகத்தை நேரே காணலாம். ஆயினும் அந்தத் திறந்த கடையிலும் மறைவு ஒன்று இருந்தது. இரு வணிகர்கள் துண்டால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலை பேசி முடிப்பார்கள். ஊரே கூடி நிற்கும் சந்தையில், ஒரு முழத் துணிக்கு அடியிலே ஒரு தனி அறை!

ஆலைகள் வந்தபின் நிலைமை மாறிற்று. 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. நூற்புக் கூடத்தின் பேரிரைச்சலில் நூற்றுக்கணக்கானோர் நின்றவாறே வேலை செய்தார்கள். அவர்களை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளருக்கோ தனி அறை, அதற்கு அரைக்கதவு, கதவருகே முக்காலியில் ஓர் ஏவலர். ஆலை ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பங்குப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "முப்பது வருசத்துல அந்த ரூமுக்குள்ள நாலே தடவதான் போயிருக்கேனுங்க சாமி. வேலைக்குச் சேந்த அன்னிக்கு, மக கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்ட அன்னிக்கு, ஸ்டிரைக் முடிஞ்ச அன்னிக்கு, கடைசியா கணக்கு முடிச்ச அன்னிக்கு."

அந்த நான்கு நாள்களும் அவர் வாழ்வின் முக்கியமான நாள்கள். மகள் திருமணத்துக்குப் பணம் கேட்டபோது நாற்பது பேர் முன்னிலையில் கேட்க நேரவில்லை என்பதை அவர் இன்றும் நன்றியோடு நினைக்கிறார். அந்த அறையின் கதவு மேலாளரின் பெருமைக்காகப் போடப்பட்டதே. ஆனாலும் அந்த ஒருநாள் அது எழுத்தரின் மானத்தையும் காத்தது.

தடுப்பு வந்த கதை

1950களில் ஜெர்மனியில் சிலர் அலுவலகச் சுவர்களை இடித்து, மேசைகளைச் செடிகொடிகளின் நடுவே ஒரு நிலக்காட்சிபோலப் பரப்பி வைக்கலாம் என்றார்கள். மேலோர், கீழோர் என்ற வேறுபாடு குறையும், பேச்சும் ஒத்துழைப்பும் வளரும் என்பது அவர்களது நம்பிக்கை. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்னும் தளவாட நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் ப்ராப்ஸ்ட், 1968இல் நகர்த்தக்கூடிய தடுப்புகளைக் கொண்ட ஓர் அமைப்பை உருவாக்கினார். எழுதுபவன் தன் வேலைக்கேற்பத் தடுப்புகளைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நிற்கலாம், உட்காரலாம் என்பது அவர் கண்ட கனவு. நிறுவனங்களோ அந்தத் தடுப்புகளைச் சதுரம் சதுரமாக நெருக்கி அடுக்கி, குறைந்த இடத்தில் நிறையப் பேரை அமர்த்தின. அப்படிப் பிறந்ததே கியூபிக்கிள். தம் படைப்புக்கு நேர்ந்த கதியைக் கண்டு ப்ராப்ஸ்ட் பிற்காலத்தில் மனம் வருந்தினார்.

பின்பு அந்தத் தடுப்புகளும் போயின. பேச்சு பெருகும் என்று சொல்லியே அவற்றை அகற்றினார்கள். ஆனால் ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் ஆகிய இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. திறந்த கூடத்துக்கு மாறிய இரு பெரிய நிறுவனங்களில், பணியாளர் முகம் பார்த்துப் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டது, மின்னஞ்சல் பெருகியது. எல்லாரும் காணும்படி உட்கார்ந்திருப்பவன், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றித் தானே ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறான்.

அழ ஓர் இடம்

இது புள்ளிவிவரத்தோடு நிற்கவில்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் இத்தகைய கூடமொன்றில் பணிபுரிகிறார். பாவசங்கீர்த்தனத்தில் அன்று, பங்கு அலுவலகத்தில் அமர்ந்து அவர் சொன்னதை, அவர் இசைவோடு இங்கே எழுதுகிறேன். ஒருநாள் முற்பகலில் அவருடைய தாயாருக்குப் புற்றுநோய் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர், எதிரே மூவர். பேசவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. வந்த கண்ணீரை விழுங்கிக்கொண்டு, தீயணைப்புப் படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கி, அங்கே நின்று அழுதார். "அழறதுக்கு ஒரு இடம் கிடைக்கலீங்க ஃபாதர்" என்றார். தாயாரின் நோயைப் பற்றிப் பேச வந்தவர், அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்.

வேறொரு நிறுவனத்தில் அதிகாரியாக இருக்கும் நடுவயதினர் ஒருவர், தமது கேபினை அகற்றியபோது மனதார வரவேற்றவர். சில மாதங்களுக்குப்பின், தம்மிடம் பணிபுரிந்தவரின் வேலை பறிபோன செய்தியை அவரே சொல்ல வேண்டி வந்தது. இடமில்லாமல் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் சென்று சொன்னாராம். ஒரு குடும்பத்தின் சோறு போகும் செய்தியை இரண்டு கார்களுக்கு நடுவே நின்று சொன்னதை அவரால் மறக்க முடியவில்லை.

கியூபிக்கிளில் இருந்தவர்களுக்குத் தடுப்பட்டையில் ஒரு முழ இடமாவது சொந்தமாக இருந்தது. வேளாங்கண்ணி மாதா படம், குழந்தை வரைந்த யானை, இறந்த தந்தையின் நிழற்படம் ஆகியவை அங்கே குத்தி வைக்கப்பட்டிருக்கும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப்பின் பல இடங்களில் நிலையான இருக்கையும் இல்லை. அன்றன்று கிடைத்த மேசையில் அமர வேண்டும். மாலையில் துடைத்துவிட்டு எழ வேண்டும். மாதா படம் இப்போது கைப்பேசிக்குள் போய்விட்டது.

உள்ளறை

கியூபிக்கிள் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? இலத்தீனில் 'கூபிக்குலும்' என்றால் படுக்கையறை. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் குடும்பத்தார் சேர்ந்து அடக்கம் செய்யப்பட்ட சிறு அறைகளையும் அவ்வாறே அழைப்பர். வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியத்தில் இச்சொல் நமக்கு நன்கு பழக்கமான ஓரிடத்தில் வருகிறது. மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டு மறைவில் இருக்கும் தந்தையிடம் வேண்டுமாறு ஆண்டவர் கற்பிக்கிறாரே, அந்த உள்ளறைதான் கூபிக்குலும். கதவில்லாத ஒரு பெட்டிக்கு இந்தப் பெயர் வாய்த்தது விந்தையே.

ஆனால் ஆண்டவர் உள்ளறையை மட்டும் விரும்பியவர் அல்லர். சுங்கச்சாவடியில் வழிப்போக்கர் காண உட்கார்ந்திருந்த மத்தேயுவை அவர் அந்த இடத்திலேயே அழைத்தார். திருத்தூதர் பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா ஆகியோருடன் ஒரே இடத்தில் கூடாரத் தொழில் செய்தார். துறவியரின் வரலாறும் இப்படித்தான். புனித ஆசீர்வாதப்பரின் சபை ஒழுங்கு, துறவியர் கூடுமானவரை ஒரே கூடத்தில் உறங்க வேண்டும், விடியும்வரை விளக்கெரிய வேண்டும் என்கிறது. 1084இல் புனித புரூனோ தொடங்கிய கர்த்தூசியர் சபையிலோ ஒவ்வொரு துறவிக்கும் தனிக் குடில். திருச்சபை இரண்டையும் ஏற்றுப் போற்றியது. கூட்டு வாழ்வையே வற்புறுத்திய ஆசீர்வாதப்பரும், ஒருவர் சிற்றாலயத்தில் தனியே செபிக்க விரும்பினால் மற்றவர் இடையூறு செய்யக் கூடாது என்று ஒழுங்கு செய்தார்.

பார்வையும் செவியும்

இந்தச் சிக்கலுக்குத் திருச்சபை தன் அனுபவத்தில் கண்ட ஒரு தீர்வு, நம் ஒவ்வோர் ஆலயத்திலும் சுவரோரமாக நிற்கிறது. அதுதான் பாவசங்கீர்த்தனத் தொட்டி. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமேயோ, 1577இல் ஆலய அமைப்பு பற்றி வெளியிட்ட அறிவுரைகளில், குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே தட்டியும் கம்பிவலையும் அமைக்க விதித்தார். இன்றைய திருச்சபைச் சட்டத்தொகுப்பும் 964ஆம் எண்ணில், நிலையான தட்டியுள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டி திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது.

திறந்த இடம், ஆனால் தட்டி. ஆலயத்தில் இருக்கும் எவரும் அங்கே யார் மண்டியிட்டிருக்கிறார் என்று காணலாம். ஆகவே தீங்கு நேராது. அவர் சொல்வது ஒருவர் செவிக்கு மட்டுமே எட்டும். ஆகவே மானம் காக்கப்படும். ஏழையும் செல்வரும் அதே முழந்தாட்படியில்தான் மண்டியிடுகிறார்கள். எல்லாரும் போகும் இடமாதலால், அங்கே போவது ஒருவரைப் பற்றிய செய்தியாகவும் ஆவதில்லை.

நம் அலுவலகங்களைப் பார்த்தால் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. மூடிய அறை பதவிக்குக் கிடைக்கிறது, தேவைக்குக் கிடைப்பதில்லை. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்த தாய்க்கு, பால் எடுத்து வைக்க ஓர் அறை வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகார் செய்பவரின் அடையாளம் வெளியிடப்படக் கூடாது என்கிறது. நாலாபுறமும் கண்ணாடி பதித்த ஆலோசனை அறைக்குள் அந்தப் பெண் நுழைவதை அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு என்னாவது? மறுபுறம், உள்ளே நடப்பது எவருக்கும் தெரியாத அறை, அதிகாரம் உள்ளவன் கையில் ஆபத்தான கருவி ஆகலாம் என்பதையும் உலகத் திருச்சபை பெரும் வேதனையோடு கற்றிருக்கிறது. எங்கள் பங்கு அலுவலகக் கதவில் கண்ணாடி பதித்திருப்பது இதற்காகவே. காத்திருப்போர் உள்ளே இருப்பவரைக் காணலாம். பேசுவது வெளியே கேட்பதில்லை.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. அறையா கூடமா என்று வாதிடும் பேறும் நாற்காலி உள்ளவர்களுக்கே உரியது. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களில் பவர் டேபிளில் தைப்பவரிடமும், செக்கிங் மேசையில் நிற்பவரிடமும் இரைச்சல் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டவர் எத்தனை பேர்? ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் சாலையிலும் தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் துணி எடுக்கப் போகிறோம். அத்தகைய கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அங்கே நாற்காலி இருக்கிறதா என்றும், அதில் உட்கார அவர்களுக்குத் துணிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இம்மாத இதழை வாசிப்போரில் தொழில் நடத்துவோர் உண்டு. பள்ளி, மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்போர் உண்டு. கட்டடத்தை இடித்துக் கட்டச் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு அறையை, எவர் பெயரும் எழுதாமல், எல்லார்க்கும் பொதுவாக விட்டுவிடுங்கள். அதில் இரண்டு நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் போதும். சம்பள முன்பணம் கேட்க வருபவரையும், தவறு செய்தவரையும், வேலை இழப்பவரையும் அங்கே அமர்த்திப் பேசுங்கள். கூடத்தில் பணிபுரிவோரே, பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியை எடுத்தவுடன் முகம் மாறினால், உங்கள் பார்வையைச் சற்றே திருப்பிக்கொள்ளுங்கள். பேசி முடித்தபின், தேநீர் குடிக்க வருகிறீர்களா என்று அவரைக் கேளுங்கள்.