“கார்டு போகலை, அத்தை!”

முகூர்த்த மாதங்களில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. மதுரையில் வீட்டு முன்னறையிலேயே டிடிபி வேலை பார்க்கும் பெண்மணி அவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அந்த மேசையில்தான் உருவாகும். கணவரின் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். மகளின் பள்ளிக் கட்டணம் இந்தக் கம்ப்யூட்டரின் பொறுப்பு.

ஆவணி பிறக்கும் நேரத்தில் ஒருநாள் காலை திரை பேயாட்டம் ஆடியது. ஒரு விண்டோவை மவுஸால் இழுத்தால், அதன் சாயல்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. டாஸ்க்பாரின் கண்ணாடி மினுமினுப்பு காணாமல் போயிருந்தது. அவ்வப்போது திரை முழுவதும் இருண்டு, ஓரிரு நொடியில் திரும்ப வந்தது. மணமகனின் தாத்தா பெயரை அடித்துக்கொண்டிருந்தபோது கோரல்டிராவே மூடிக்கொண்டது.

“மானிட்டர் வாங்கி எட்டு வருஷமாச்சே” என்றார் கணவர். கடைக்காரருக்குப் போன் போட்டால், “கார்டு போயிருச்சுக்கா. புதுசு போட்டுடலாம், ஏழாயிரம் ஆகும்” என்றார். போனிலேயே நாடி பிடித்த வைத்தியம்! பீரோவில் ஏழாயிரத்துக்கு மேல் இருக்கத்தான் செய்தது. ஆனால், அது பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணம்.

அன்று மாலை கோவையில் பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகன் வேறு விஷயமாகக் கூப்பிட்டான். கதையைக் கேட்டதும், “பணத்தை எடுக்காதீங்க அத்தை. முதல்ல மானிட்டர்ல இருக்கிற மெனு பட்டனை அமுக்குங்க” என்றான்.

அமுக்கினார். பின்னால் எல்லாம் ஆடிக்கொண்டிருக்க, மெனு கட்டம் மட்டும் அசையாமல் நின்றது. அது மானிட்டர் தானே வரைவது. ஆக, மானிட்டர் மேல் குற்றமில்லை. அடுத்து, அணைத்துப் போடச் சொன்னான். ஆரம்பத்தில் வரும் லோகோ கோடு, புள்ளி எதுவும் இல்லாமல் சுத்தமாக வந்தது. கார்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

மூன்றாவது சோதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லித்தருவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்றவை ஆடி, அது மட்டும் ஆடாமல் இருந்தால் ஏதோ ஒரு மென்பொருளில் கோளாறு. அதுவும் சேர்ந்து ஆடினால் டிஸ்பிளே டிரைவர். அங்கே அதுவும் சேர்ந்தே ஆடியது.

“டிரைவர்னா யாருடா?”

அவருக்குப் புரிகிற மாதிரிதான் பையன் சொன்னான். மல்டிகலர் பத்திரிகை அச்சாகும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட் போடுவார்கள் அல்லவா? விஸ்டாவிலிருந்து விண்டோஸும் அப்படித்தான். ஒவ்வொரு விண்டோவையும் நினைவகத்தில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, கிராபிக்ஸ் சிப் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்புகிறது. நிழலும் கண்ணாடித் தோற்றமும் அந்த அடுக்கலில் வருபவை. டிரைவர்தான் அங்கே மெஷின் மேன். அவருக்கு மெஷின் பிடிபடவில்லை என்றால், மயில் ஓரிடத்தில், அதன் நீலம் ஓரிடத்தில்!

திரை இருள்வதற்கும் காரணம் உண்டு. சிப்பிடம் கொடுத்த வேலை 2 நொடிக்குள் நகரவில்லை என்றால், விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்புகிறது. அந்த நேரத்தில் சில மென்பொருள்கள் மூடிக்கொள்ளும். தாத்தா பெயர் போனது அப்படித்தான்.

இது அவர் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல. 2007-ல் பதிவான விஸ்டா முடக்கங்களில் சுமார் 29 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்களே காரணம் என்று, பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆவணங்கள் காட்டின.

“நேத்து ராத்திரி அப்டேட் ஏதாவது ஓடுச்சா?” ஓடியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ், அதில் கார்டின் பெயரை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அப்புறம் டிரைவர் பக்கம். பழைய கார்டுக்குப் புத்தம்புது டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தது. கீழேயே ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன். அழுத்தினார். திரை இருண்டது. அவர் முருகா என்று சொல்லி முடிப்பதற்குள் திரும்பியது. ஆட்டம் இல்லை, சாயல் இல்லை.

அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால், பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். கார்டு அல்லது லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் விளம்பரங்கள் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். அவசரத்துக்கு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் துவங்கும், முதலுதவிதான் அது. விஷுவல் எஃபெக்ட்ஸை அணைத்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் ஒருவர் யோசனை சொன்னார். பாரம் கொஞ்சம் குறையும், ஆனால் விண்டோஸ் 8 முதல் அந்த அடுக்கல் வேலையை நிறுத்தவே முடியாது. நோய் அப்படியே இருக்கும்.

கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. லோகோ வரும்போதே கோடுகள் தெரிந்திருந்தால், அவர் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும்.

“அத்தை, அதே அப்டேட் மறுபடியும் வந்து உட்காரலாம்” என்று பையன் எச்சரித்திருக்கிறான். அதனால் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பேப்பர் ரேட்டுக்குக் கீழே, ஒழுங்காக ஓடும் டிரைவரின் தேதியும் பதிப்பு எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த டிரைவர் ஒரு பென் டிரைவில் டிராயருக்குள் இருக்கிறது. விளையாட்டுப் பாட்டு ஏற்றிக்கொள்ள மகள் கேட்டும் அதை அவர் தரவில்லை.