எதிர் அறைக்குப் போன கோப்பு

வேலையில் சேர்ந்த அன்று கண்ணில் பட்டது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அலுவலக அமைப்புப் படம். ராயபுரத்தில் ஓர் அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'ஒர்கனிகிராம்'. உச்சியில் அதிகாரி, அடியில் இளநிலை உதவியாளனான நான்.

இத்தகைய படங்களில் மிகப் பழையதென்று சொல்லப்படுவது 1855-இல் அமெரிக்காவின் நியூயார்க் - ஈரி ரயில்வேக்காக டேனியல் மெக்கல்லம் வரையச் செய்தது. நம் ராயபுரம் ஸ்டேஷன் திறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. அதில் தலைவரும் இயக்குநர்களும் வேர் மாதிரி அடியில். ஊழியர்கள் கிளை கிளையாக மேலே. பின்னால் வந்தவர்கள்தான் மரத்தைக் கவிழ்த்தார்கள். ஒருவருக்கே இரண்டு மேலதிகாரி வைக்கும் மேட்ரிக்ஸ் எல்லாம் அப்புறம் வந்தது. எங்களுடையது வெறும் ஏணி.

1981-இல் எங்கள் இரவுக் காவலர் இறந்துபோனார். (படத்தில் அவருக்குக் கட்டமே கிடையாது.) குடும்ப ஓய்வூதியக் கோப்பு என்னிடம், பணிப் பதிவேடு எதிர் அறையில். நடுவே ஒரு வராந்தா. கோப்பு என் கண்காணிப்பாளர் வழியாக அதிகாரியிடம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஒரு கேள்வியோடு அதே வழியில் திரும்பி வந்தது. இரண்டு மாதம். அந்த அம்மா திருவொற்றியூரிலிருந்து மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

"இன்னா சார், எதிர்ல கீற ரூமுக்கு இம்மா நாளா?"

கோப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். பத்து நிமிடத்தில் பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பு எழுதி வாங்கிவிட்டேன். மறுநாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஆன்றி ஃபயோல் 1916-இல் எழுதியதைப் படித்தேன். சுரங்க நிறுவனத்தை நடத்திய பிரெஞ்சு எஞ்சினியர். இரட்டை ஏணி ஒன்று போட்டு, ஒரே படியில் இருக்கும் இருவர் நடுவே 'பாஸ்ரெல்', அதாவது நடைபாலம், போடச் சொல்கிறார். நான் செய்தது அதேதான் என்று துள்ளினேன். அடுத்த வரிகளில் நிபந்தனை: இருவரின் மேலதிகாரிகளும் சம்மதிக்க வேண்டும், முடிந்ததும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கண்காணிப்பாளர் விட்டிருப்பாரா? விட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஓய்வூதியம் வந்த மாதம் அந்த அம்மா ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார். வாங்கக்கூடாதுதான். வாங்கி, பாதியை எதிர் அறைக்காரருக்குக் கொடுத்தேன்.