கால்பந்து மட்டும் நடந்த வருடம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி யார் எழுதினாலும் 1957 செப்டம்பர் 4இல்தான் தொடங்குகிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட பதினைந்து வயதுப் பெண், மார்போடு அணைத்த நோட்டு, பின்னால் கத்திக்கொண்டு வரும் வெள்ளையர் கூட்டம். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எனக்கென்னவோ அதற்கடுத்த பள்ளி ஆண்டுதான் அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1958-59. அந்த ஆண்டு சென்ட்ரலில் ஒரு மாணவர்கூட வகுப்பில் உட்காரவில்லை. ஊரே ஓட்டுப் போட்டுத் தன் பிள்ளைகளின் பள்ளியைப் பூட்டி வைத்தது.

*

கட்டடத்தைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். 1927இல் திறந்தார்கள். செலவு 15 லட்சம் டாலர். பருத்தியை நம்பிப் பிழைத்த ஏழை மாநிலம் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு பணம். நீளம் இரண்டு தெருப் பகுதிகள். வாசலுக்கு மேலே நான்கு சிலைகள்: லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். நாட்டிலேயே அழகான உயர்நிலைப் பள்ளி என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் பாராட்டியது. ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1929இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கு டன்பார் உயர்நிலைப் பள்ளி வந்தது. பார்வைக்கு சென்ட்ரலின் தம்பி போலத்தான் இருக்கும். செலவு நான்கு லட்சம் டாலர். அதிலும் 67,500 டாலர் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற சியர்ஸ் கம்பெனி முதலாளியின் அறநிதியிலிருந்து வந்தது. வெள்ளைப் பிள்ளைகள் படித்து முடித்த பழைய பாடப்புத்தகங்கள் கறுப்பினப் பள்ளிகளுக்குப் போகும். இரண்டு பள்ளிகளும் ஒரே வாரியத்தின் கீழ்தான் இருந்தன.

*

அந்த வாரியம் முக்கியம். அமெரிக்க அரசுப் பள்ளிக்கு முதலாளி வாஷிங்டன் அல்ல. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம்தான் ஆசிரியரை நியமிக்கும், நீக்கும், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லை போடும். பணத்தில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வரும். பள்ளி ஊராருடையது என்ற பேச்சு அங்கே வெறும் அலங்காரமல்ல. ஊரார் யார் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

*

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954 மே 17இல் தீர்ப்புச் சொன்னது. லிட்டில் ராக் பள்ளிகளின் கண்காணிப்பாளர் வர்ஜில் பிளாசம் ஒரு திட்டம் போட்டார்: 1957இல் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, மெல்ல மெல்லக் கீழ் வகுப்புகளுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1956இல் கறுப்பினப் பகுதியில் ஹோரஸ் மேன் பள்ளியும், 1957இல் வசதியான வெள்ளையர் குடியிருக்கும் மேற்குப் பகுதியில் ஹால் பள்ளியும் திறந்தாயிற்று. ஹாலில் கறுப்பினப் பிள்ளை ஒருவருக்கும் இடமில்லை. சேர்ந்து படிக்கும் சோதனை முழுவதும் சென்ட்ரலுக்கு, அதாவது உழைக்கும் வர்க்கத்து வெள்ளையர் பள்ளிக்கு விடப்பட்டது. திட்டம் போட்டவர்களின் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று அந்தத் தெருக்காரர்கள் கேட்டதில் தப்பில்லை. அதற்கு ஒரு பள்ளிச் சிறுமியின் மேல் துப்பியதுதான் தப்பு.

சேர்வதற்குத் தேர்வானவர்கள் 17 பேர். கடைசியில் நிலைத்தவர்கள் ஒன்பது.

*

படத்தில் இருக்கும் எலிசபெத் எக்ஃபர்ட் வீட்டில் தொலைபேசி இல்லை. எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று, ஒன்பது பேருக்கும் துணைநின்ற டெய்சி பேட்ஸ் முதல்நாள் இரவு மற்றவர்களுக்குச் சொன்ன செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளிக்கென்று வீட்டிலேயே தைத்த உடையைப் போட்டுக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறி வந்தார்.

படத்தை எடுத்த வில் கவுன்ட்ஸ் அதே பள்ளியில் படித்தவர். மற்றப் புகைப்படக்காரர்கள் கனமான பெரிய கேமராக்களோடு திணற, அவர் கையில் 35 மி.மீ. சிறிய கேமரா. கூட்டத்தோடு பின்னோக்கி நடந்துகொண்டே படமெடுக்க முடிந்தது. படத்தில் வாய் பிளந்து கத்தும் ஹேசல் பிரையனும் அந்தப் பள்ளி மாணவிதான். ஆக, அந்தச் சட்டகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பள்ளி ஒன்றே. ஹேசல் 1963இல் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். 1997இல் இருவரையும் பள்ளி வாசலில் நிறுத்தி கவுன்ட்ஸ் மறுபடி ஒரு படம் எடுத்தார். சமாதானம் என்று தலைப்பிட்டு அது சுவரொட்டியாக விற்றது. இருவரும் கொஞ்ச காலம் நட்பாக இருந்து பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சுவரொட்டிகள் எப்போதும் கொஞ்சம் அவசரப்பட்டுவிடுகின்றன.

*

ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலப் படையை நிறுத்தி ஒன்பது பேரையும் தடுத்தது, செப்டம்பர் 23இல் அவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியே நுழைந்து மதியத்துக்குள் வெளியேற்றப்பட்டது, அதிபர் ஐசன்ஹோவர் 101ஆவது வான்குடைப் படைப் பிரிவை அனுப்பி 25ஆம் தேதி உள்ளே அழைத்துப் போனது: இவையெல்லாம் பலர் எழுதியவை. (அங்கே ஆளுநர் என்பவர் ஓட்டு வாங்கி வருகிறவர். அப்போது பதவிக்காலம் இரண்டே வருடம். அடுத்த தேர்தல் எப்போதும் தலைக்கு மேலேயே நிற்கும்.)

ராணுவ வீரர்கள் தாழ்வாரம் வரை கூட வருவார்கள். கழிப்பறைக்குள்ளும் உடை மாற்றும் அறைக்குள்ளும் வர முடியாது. அடி விழுந்தது அங்கேதான். பள்ளிக் குழுக்கள், விளையாட்டு எதிலும் இந்த ஒன்பது பேர் சேரக் கூடாது என்பது நிபந்தனை.

டிசம்பரில் உணவுக்கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளி, ஒன்பது பேரில் ஒருவரான மின்னிஜீன் பிரௌனை வழிமறித்தார்கள். தட்டில் இருந்த சில்லி என்னும் இறைச்சிக் குழம்பு இரண்டு பையன்களின் தலையில் கொட்டியது. ஒரு நொடி அமைதி. பிறகு சமையல்கூடத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள் கைதட்டினார்கள் என்று ஒன்பது பேரில் இன்னொருவரான எர்னஸ்ட் கிரீன் பிற்பாடு நினைவுகூர்ந்தார். மின்னிஜீன் இடைநீக்கம் ஆனார். பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கினார்கள். ஒருவர் போனார், இன்னும் எட்டுப் பேர் என்று அச்சிட்ட சீட்டுகள் மாணவர்களிடையே சுற்றின. 1958 மே மாதம் 600க்கும் மேற்பட்டவர்களோடு எர்னஸ்ட் கிரீன் பட்டம் வாங்கினார். சென்ட்ரலில் படித்து முடித்த முதல் கறுப்பின மாணவர். அவர் பெயரைக் கூப்பிட்டபோது அரங்கில் யாரும் கைதட்டவில்லை. குடும்பத்தாரோடு மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார்.

*

இனி பூட்டு. 1958 செப்டம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது: கலவரத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட முடியாது. அன்றே ஃபாபஸ் புதிய சட்டங்களில் கையெழுத்திட்டு நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். கறுப்பினத்தவருடைய ஹோரஸ் மேனும் அதில் உண்டு. 27ஆம் தேதி மக்களிடம் வாக்கெடுப்பு. எல்லாப் பள்ளிகளிலும் இனக் கலப்பு வேண்டுமா, வேண்டாமா? இடையில் வேறு தேர்வு கிடையாது. வேண்டாம் என்றவர்கள் 19,470. வேண்டும் என்றவர்கள் 7,561.

3,665 பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.

ஆனால் கால்பந்து நடந்தது. காலால் அதிகம் தொடாத அந்த அமெரிக்கக் கால்பந்துதான். சென்ட்ரலின் புலிகள் அணி 1957இல் தோல்வியே காணாதது. அதை நிறுத்த ஃபாபஸுக்கும் துணிவில்லை. வகுப்பே இல்லாத பள்ளியின் பெயரில் பையன்கள் சீருடை மாட்டிக்கொண்டு ஆடினார்கள், ஊர் போய்ப் பார்த்தது. அந்தப் பள்ளியின்மேல் ஊருக்கு இருந்த பாசம் நிஜமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தப் பாசம் எதன்மேல் என்பதையும் இதுவே காட்டிக்கொடுக்கிறது.

ஆசிரியர்கள் இன்னொரு வேடிக்கை. ஒப்பந்தம் போட்டாயிற்று, சம்பளம் உண்டு, ஆகவே தினமும் வந்தாக வேண்டும். யாருமில்லாத வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். சிலரைக் கீழ்ப் பள்ளிகளுக்கு மாற்று ஆசிரியராக அனுப்பினார்கள்.

*

பள்ளிக் கட்டடங்களைத் தனியார் கழகம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப் பார்த்தார்கள். நீதிமன்றம் தடுத்தது. உடனே அதே கழகம் வெள்ளைப் பிள்ளைகளுக்காக டி.ஜே. ரேனி என்ற தனியார் பள்ளியைத் திறந்தது. பிள்ளை எங்கே போகிறதோ மாநிலப் பணமும் அங்கே போகும் என்றது புதிய சட்டங்களில் ஒன்று. அதன்படி ரேனிக்கும் அரசுப் பணம் போனது. தேவாலயங்கள் வகுப்பு எடுத்தன. சிலர் அஞ்சல் வழியில் படித்தார்கள், சிலர் வேற்றூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். பிற்காலத்தில் ராணுவத் தளபதியான வெஸ்லி கிளார்க் அப்போது பள்ளிப் பையன். டென்னசியில் ஒரு ராணுவப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்.

வெள்ளைப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஏதோ ஒரு வழி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. வேலைக்குப் போனார்கள், படையில் சேர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். எல்லாப் பள்ளிகளையும் மூடியது எல்லோருக்கும் சமம் என்று காகிதத்தில் எழுதலாம்.

*

அடோல்ஃபின் ஃபிளெட்சர் டெரிக்கு அப்போது 75 வயது. அப்பா உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்றவர். வீடு போருக்கு முந்திய பெரிய தூண் வைத்த மாளிகை. பள்ளிகள் மூடிய அந்த வாரமே அந்த வீட்டில், விவியன் புரூவர் உள்ளிட்ட வெள்ளைப் பெண்கள் கூடி, பள்ளிகளைத் திறப்பதற்கான மகளிர் அவசரக் குழுவைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். கணவன் வேலை போய்விடும், கடை வியாபாரம் படுத்துவிடும் என்பதால் பெயர்ப் பட்டியல் ரகசியம். கறுப்பினப் பெண்களைக் குழுவில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வெள்ளையர் ஓட்டு வராது என்பது கணக்கு. இனக் கலப்பு நல்லது என்றும் இவர்கள் பேசவில்லை. பள்ளியைத் திற என்றார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பலித்தது என்பதையும் மறைக்க முடியவில்லை.

1959 மே 5இல் வாரியக் கூட்டத்தில் மூன்று மிதவாத உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மிச்சம் இருந்த மூன்று பேரும் 44 ஆசிரியர், அலுவலர்களை வேலைநீக்கம் செய்தார்கள். தலைமையாசிரியர் ஜெஸ் மேத்யூஸ் உட்பட. இங்கேதான் ஊர் திரும்பியது. தங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரை, தங்கள் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தவரை, எவனோ நீக்குவதா? மகளிர் குழு வீடு வீடாக ஏறி இறங்கியது. மே 25இல் உறுப்பினரைத் திரும்பப்பெறும் தேர்தல். பிரிவினைவாதிகள் மூவரும் குறுகிய வித்தியாசத்தில் பதவி இழந்தார்கள். ஒன்பது பிள்ளைகளுக்காக அசையாத ஊர் 44 ஆசிரியர்களுக்காக அசைந்தது.

*

ஜூனில் நீதிமன்றம் மூடல் சட்டத்தைச் செல்லாது என்றது. வாரியம் முந்திக்கொண்டு ஆகஸ்ட் 12இலேயே பள்ளியைத் திறந்தது. எதிர்த்து ஊர்வலம் வந்தவர்களை நகரக் காவல் துறையே தீயணைப்புக் குழாய் நீரால் விரட்டியது. இம்முறை ராணுவம் தேவைப்படவில்லை. 1960 பிப்ரவரியில் ஒன்பது பேரில் ஒருவரான கார்லாட்டா வால்ஸின் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தவில்லை. மே மாதம் அவரும் அந்த ஒன்பது பேரில் இன்னொருவரான ஜெஃபர்சன் தாமசும் பட்டம் வாங்கினார்கள்.

மகளிர் குழுவின் பெயர்ப் பட்டியல் 1998 வரை வெளியே வரவில்லை. இப்போது அந்தப் பெயர்கள் டெரி வீட்டின் ஜன்னல் கண்ணாடிகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

*

சில துண்டுச் செய்திகள். பள்ளிக்கு எதிர்மூலையில் இருந்த பெட்ரோல் நிலையத்துத் தொலைபேசியில்தான் 1957இல் நிருபர்கள் செய்தி சொன்னார்கள். பின்னாளில் அந்த நிலையமே அருங்காட்சியகம் ஆயிற்று. 1998இல் அந்த வட்டாரம் தேசிய வரலாற்றுத் தலமானது. பள்ளி இன்னமும் பள்ளியாகத்தான் நடக்கிறது.

2015 ஜனவரியில் லிட்டில் ராக் பள்ளி வாரியத்தைக் கலைத்து மாநிலமே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. கல்வித்தரம் நலிந்தவை என்று காரணம் காட்டிய ஆறு பள்ளிகளில் ஹாலும் ஒன்று. சென்ட்ரல் அதில் இல்லை. வசதியானவர்களுக்கென்று கட்டிய பள்ளியை வசதியானவர்கள் எப்போதோ விட்டுப் போயிருந்தார்கள். வாரியத் தேர்தல் மறுபடி நடக்க 2020 ஆயிற்று.

2023 மார்ச்சில், தனியார் பள்ளிச் செலவுக்கு அரசுப் பணம் தரும் புதிய கல்விச் சட்டத்தை எதிர்த்து சென்ட்ரல் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். ரேனி பள்ளியின் கதையும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் அந்த வளாகத்தில் படிக்கிறவர்களுக்கு ஒப்பிடத் தோன்றாமல் இருக்காது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ் 2000இல் அதே சென்ட்ரலில் படித்து முடித்தவர். ஆகஸ்டில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு பற்றிய உயர்நிலைப் பாடத்துக்கு மாநிலக் கல்வித் துறை அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. சென்ட்ரல் அந்த வகுப்பை நிறுத்தாமல் நடத்தியது.