பாலூட்டும் நேரத்தை ஆராய்ந்த செவிலியர்

கைக்குழந்தைகளின் மனநலத்தைச் செவிலியர் துறையின் ஆய்வுப்பொருளாக்கிய முன்னோடிகளில் ஒருவர் கேத்ரின் பர்னார்ட். 1938இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்தவர். செவிலியர் கல்வியை முடித்து சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1972இல் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார்.

குறைமாதக் குழந்தைகள்தான் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தவர்கள். அந்நாளில் இன்குபேட்டரில் கிடக்கும் சிசுவைக் கூடியவரை தொடாமல் விடுவதே நல்லது என்று கருதப்பட்டது. ஆனால் கருப்பையில் குழந்தை ஓயாத அசைவுக்கும் தாயின் இதயத் துடிப்புக்கும் நடுவே வளர்கிறது. இவ்விரண்டையும் ஈடுசெய்ய, ஆடும் படுக்கையையும் இதயத் துடிப்பின் ஒலியையும் பர்னார்ட் இன்குபேட்டருக்குள் கொண்டுவந்தார். குழந்தைகளின் எடை கூடியது.

அதைவிடப் பெரிய சாதனை, பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதத்தை அளக்க அவர் குழுவினர் வகுத்த இரண்டு அளவுகோல்கள். ஒன்று பாலூட்டும் நேரத்துக்கானது; 76 கூறுகள் கொண்டது; முதல் ஓராண்டுக்கு உரியது. மற்றொன்று, தாய் குழந்தைக்கு ஒரு சிறு செயலைக் கற்றுத்தரும் சில நிமிடங்களுக்கானது, 73 கூறுகள், மூன்று வயதுவரை பயன்படும். செவிலியர் அருகில் அமர்ந்து பார்த்து, ஒவ்வொரு கூறுக்கும் ஆம், இல்லை என்று குறிப்பார். குழந்தையின் குறிப்பைத் தாய் உணர்கிறாரா, அழும்போது எப்படித் தேற்றுகிறார், பேச்சுக் கொடுக்கிறாரா என்பவை தாயின் பக்கம். குழந்தைக்கும் தனி மதிப்பெண் உண்டு: தன் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறதா, தாய்க்கு எதிர்வினை தருகிறதா? முகத்தைத் திருப்புவது, முதுகை வளைப்பது, கொட்டாவி விடுவது எல்லாம் இங்கே பேச்சாகவே கொள்ளப்படும். உறவு சரியாக அமையாதபோது பழி முழுவதையும் தாய்மேல் போடாத இந்தப் பார்வைதான் பர்னார்டின் ஆகச் சிறந்த கொடை. குறிப்புக் காட்டத் தெரியாத குறைமாதக் குழந்தையின் தாய்க்கு அது எத்தனை ஆறுதல்!

இந்த முறையைத் தொலைவிலுள்ள செவிலியர்க்குக் கற்பிக்க, 1970களிலேயே செயற்கைக்கோள் வழியே வகுப்பு நடத்தினார்.

2001இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கைக்குழந்தைகளின் மனநலத்துக்கும் வளர்ச்சிக்குமான மையத்தை நிறுவினார். 2012இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2015 ஜூன் மாதம் பர்னார்ட் காலமானார்.