சுருட்டின் இலக்கணம்

ஆங்கிலேயர் 'செரூட்' என்பது நம் 'சுருட்டு' என்னும் சொல்லின் திரிபே. உறையூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கடல் கடந்த பொருள் அது.

ஜார்ஜ் டவுன் பினாங்குத் தெருவின் ஐந்தடிப் பாதையில் அமர்ந்து, என் சிற்றப்பா எனக்கு அதன் இலக்கணத்தைக் கற்பித்தார். "நுனியைச் சீராக நறுக்கு, தீயில் சுழற்றிப் பற்றவை, விரைந்து இழுக்காதே. புகையை நெஞ்சுக்குள் இறக்காமல் வாயோடு நிறுத்து."

முதன்மையான விதியை மட்டும் அவர் சொல்லவில்லை. தெருமுனையில் என் தந்தை தோன்றியதும், நாற்பது வயதைக் கடந்த அந்தத் தம்பி, எரியும் சுருட்டை முதுகுக்குப்பின் மறைத்து எழுந்து நின்றார். விரல் சுட்டதை முகத்தில் காட்டவில்லை.

வாயோடு நிறுத்திய புகையும் தீங்கு செய்யும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. பின்னாளில் அவருக்குப் புற்றுநோய் வந்தது, வாயில்தான். மருத்துவமனைக்கு என் தந்தை சென்றபோது, பேச இயலாத சிற்றப்பா வலக்கையை மெல்ல முதுகுக்குப்பின் கொண்டு சென்றார். கையில் ஒன்றுமில்லை.