விரலால் அறியும் முண்ணாண்

மண்டையோட்டின் அடித்துவாரத்தில் தொடங்கி முள்ளந்தண்டின் கால்வாய்க்குள் இறங்கும் முண்ணாண் (தமிழ்நாட்டு நூல்கள் தண்டுவடம் என்று குறிப்பது) வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 42 முதல் 45 சென்ரிமீற்றர் நீளமும் சுண்டுவிரலளவு பருமனும் கொண்டது. ஆனால் அது தான் குடியிருக்கும் கால்வாயின் அடிவரை செல்வதில்லை. கருவின் மூன்றாம் மாதத்தில் கால்வாய் முழுவதையும் நிரப்பியிருந்த முண்ணாண், எலும்புகளின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி, பிறக்கும்போது மூன்றாம் நாரி முள்ளென்பின் அருகிலும், வளர்ந்தவர்களில் முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்புகளுக்கு இடையிலும் முடிந்துவிடுகிறது. காந்த அதிர்வுப் படத்துக்காக நோயாளியைக் கண்டி வரை அனுப்பவேண்டிய, இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் பணிபுரியும் வைத்தியருக்கு, முண்ணாண் பற்றிய வேறெந்த அறிவையும்விட இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிய அறிவே நாளாந்தம் பயன்படுகிறது.

முண்ணாணிலிருந்து கழுத்தில் 8, மார்பில் 12, நாரியில் 5, திருவெலும்பில் 5, குயிலலகில் 1 என 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு சோடியும் புறப்படும் பகுதி ஒரு துண்டம் எனப்படும். கழுத்தில் எலும்புகள் ஏழே இருக்க நரம்புகள் எட்டாவதால், முதல் ஏழும் தத்தம் எலும்புக்கு மேலாகவும், எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழாகவும், அதன்பின் வருவன யாவும் தத்தம் எலும்புக்குக் கீழாகவும் வெளியேறுகின்றன. முதுகில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனைக்கு உள்ளே அதே எண்ணுடைய துண்டம் இருக்கும் என்று கொள்வது தவறு. கழுத்தில் எலும்பின் எண்ணோடு ஒன்றையும், மேல் மார்பில் இரண்டையும், ஏழு முதல் ஒன்பது வரையான மார்பு எலும்புகளில் மூன்றையும் கூட்டினால்தான் உள்ளிருக்கும் துண்டம் கிடைக்கும். பத்தாம், பதினோராம், பன்னிரண்டாம் மார்பு எலும்புகளுக்குள் நாரித் துண்டங்கள் அனைத்தும் நெருங்கிக் கிடக்க, முதலாம் நாரி எலும்புக்குள் திருவெலும்புத் துண்டங்கள் யாவும் அடங்கிவிடுகின்றன.

தேயிலை மலைகளில் இந்தக் கணக்குக்குத் தனிப் பொருள் உண்டு. நிழல்மரத்தின் கிளைகளை வெட்ட ஏறியவரோ, மழையில் வழுக்கிய செங்குத்துப் பாதையில் கொழுந்துச் சுமையோடு சரிந்தவரோ விழும்போது, விலா எலும்புகளால் இறுக்கிப் பிடிக்கப்பட்ட மார்புப் பகுதி முடிந்து, அசையும் நாரிப் பகுதி தொடங்கும் சந்தியிலேயே முள்ளந்தண்டு பெரும்பாலும் முறிகிறது. கால்களை இயக்கும் துண்டங்களும், சலத்தையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் இரண்டாம், மூன்றாம், நான்காம் திருவெலும்புத் துண்டங்களும் சில சென்ரிமீற்றர் இடைவெளிக்குள் திரண்டிருப்பதும் அங்கேதான். ஒரு முள்ளென்பு மேலே முறிவதற்கும் கீழே முறிவதற்கும் இடையிலான வேறுபாடு ஒரு தொழிலாளியின் மீதி வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. அதற்கும் கீழே முறிந்தால் அகப்படுவது முண்ணாணன்று, குதிரைவால் எனப் பெயர்பெற்ற நரம்பு வேர்க் கற்றையே. வேர்கள் முண்ணாணைவிட நெருக்கத்தைத் தாங்குவதால், உரிய காலத்தில் விடுவிக்கப்பட்டால் மீளும் வாய்ப்பு அங்கே கூடுதல்.

முண்ணாண் முடிந்த பின்னும் அதன் உறைகளான வன்றாயியும் சிலந்திவலையுருவும் இரண்டாம் திருவெலும்பு வரை நீள்வதால், மூளைய முண்ணாண் பாய்பொருள் நிரம்பிய அந்த இடைவெளியில் முண்ணாணைத் தீண்டாமல் ஊசியை இறக்க முடிகிறது. 1891இல் வைத்தியர் குவிங்கே பாய்பொருளை எடுத்ததும், 1898இல் அவுகஸ்ட் பியர் விறைப்பு மருந்தைச் செலுத்தியதும் இந்த இடைவெளியை நம்பித்தான். இடுப்பெலும்புகளின் உச்சிகளை இணைக்கும் கோடு நான்காம் நாரி எலும்பைக் கடக்கும் என்பதால், டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெறும் தோட்டத்துத் தாயின் முதுகில் மயக்கமருந்து வைத்தியரின் விரல் தேடுவதும் அக்கோட்டையே.

முண்ணாணைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் நரைநிறச் சடப்பொருளும், அதைச் சுற்றி ஏறியிறங்கும் நார்களாலான வெண்சடப்பொருளும் தெரியும். மென்தொடுகை, அதிர்வு, மூட்டு நிலை ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் நார்கள் பின்புறத்தில், புகுந்த பக்கமாகவே, நீள்வளைய மையவிழையம் வரை ஏறி அங்கேதான் மறுபக்கம் கடக்கின்றன. நோவையும் வெப்பத்தையும் கொண்டுசெல்பவையோ ஓரிரு துண்டங்களுக்குள்ளேயே கடந்துவிடுகின்றன. ஆகவே முண்ணாணின் ஒரு பாதி மட்டும் சிதைந்தவருக்கு, அதே பக்கத்தில் அசைவும் மூட்டு நிலையுணர்வும், எதிர்ப்பக்கத்தில் நோவுணர்வும் கெடும். 1817இல் மொரீசியசில் பிறந்த பிறவுண் செக்குவாவின் பெயரால் இந்நிலை அறியப்படுகிறது. மேலும், முன்புறத்து மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே நாடி குருதி வழங்குவதால், அது அடைபட்டால் அசைவும் நோவுணர்வும் போய், பின்புற நார்களின் உணர்வு மட்டும் எஞ்சும். பஞ்சால் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு உணர்வு உண்டு என்று எழுதும் வைத்தியர் இத்தகைய நோயாளியைத் தவறவிடுவார். பஞ்சு, ஊசிமுனை, இசைக்கவை மூன்றும் வேண்டும்.

தோலின் மீதான எல்லைகளைக் கற்பது எளிது: முலைக்காம்பின் மட்டம் நான்காம் மார்புத் துண்டத்துக்கும், தொப்புள் பத்தாம் மார்புத் துண்டத்துக்கும், தொடையிடுக்கு முதலாம் நாரித் துண்டத்துக்கும் உரியவை. குதத்தைச் சுற்றிய தோல் கடைசித் திருவெலும்புத் துண்டங்களுக்குரியது. பெரும்பாலும் சோதிக்கப்படாமல் விடப்படுவதும் அதுவே. தலையில் கயிறிட்டுக் கூடை சுமந்து பல்லாண்டுகள் மலையேறிய பெண், முதுகுவலியை வேலையின் பகுதியாகவே கொண்டிருப்பார். சலம் போவது தெரியவில்லை என்பதை ஆண் வைத்தியரிடமோ கூட வந்த மகன், மருமகன் முன்னிலையிலோ சொல்லமாட்டார். திரையை இழுத்து, உறவினரை வெளியே அனுப்பி, தாதியைக் கொண்டு கேட்கச் செய்வதும் உடலமைப்பியலின் பகுதியே. அந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்தில் குதிரைவால் நெருக்கம் சாதாரண முதுகுவலியாகப் பதிவாகி வீட்டுக்கு அனுப்பப்படும்.

விழுந்தவரைக் கம்பளியில் இட்டுத் தூக்குவது மலைகளில் இயல்பாக நேரக்கூடியது. அன்பினால் செய்யப்படும் அச்செயல் முறிந்த முள்ளந்தண்டை வளைத்து, தப்பியிருந்த நார்களையும் நசுக்கக்கூடும். லயத்துக் கதவொன்றைக் கழற்றி, கழுத்தின் இருபுறமும் துணிச்சுருள் வைத்து, உடலை ஒரே கட்டையாகப் புரட்டி அதில் கிடத்துவது பல மடங்கு மேலானது. கழுத்து முறிந்திருந்தால் மூச்சையும் கவனிக்க வேண்டும். பிரிமென்றகடு எனும் மூச்சுத் தசை மூன்று முதல் ஐந்து வரையான கழுத்துத் துண்டங்களையே நம்பியிருக்கிறது.

நோர்வூட், ஹட்டன், நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்கு அனுப்புமுன், உணர்வு மாறும் இடத்தில் பேனாவால் தோலில் கோடிட்டு, நேரத்தையும் குறித்தல் வேண்டும். அக்கோடு பயணத்தில் மேலேறினால் வீக்கமோ குருதிக்கசிவோ முண்ணாணை மேலும் நெருக்குகிறது என்று பொருள். நோவை ஏற்றும் கற்றையில் திருவெலும்பு நார்கள் வெளியோரத்தில் அமைந்திருப்பதால் நடுப்பகுதி சிதைந்தாலும் அவை தப்பக்கூடும். எனவே குதத்தருகே ஊசிமுனை சிறிதளவேனும் உணரப்பட்டால், கால்கள் இரண்டும் அசையாத நிலையிலும் முண்ணாணின் சிதைவு முழுமையற்றது எனக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.